பால்வாடிக் கதவை முதலில் திறங்கள்: சாதி மோதல் நடந்த ஊரில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியவை

சாதி மோதல் நடந்த ஊருக்குள் மறுநாள் காலை முதலில் வந்து நிற்பது போலீஸ் வேன். அடுத்து வருவாய்த்துறை ஜீப், பிறகு கட்சிக்காரர்கள், கேமராக்கள். பால்வாடி மட்டும் பூட்டிக் கிடக்கும். 'நிலைமை சரியாகட்டும்' என்று பத்து நாள், பதினைந்து நாள் ஓடிவிடும். அந்தப் பதினைந்து நாளில்தான் சின்னப் பிள்ளைகளுக்குள் பயம் வேர் பிடிக்கிறது. அரை மணி நேரம் நடந்த வெட்டுக்குத்தோடு அவர்களுக்கு விஷயம் முடிவதில்லை. நேரத்துக்குச் சோறில்லை, தூக்கமில்லை, அப்பா வீட்டில் இல்லை, அம்மாவின் முகம் பழைய முகமாக இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கலவரம் என்பது இதுதான். இதில் பெரும்பகுதியை ஊரே சரிசெய்ய முடியும். அதற்கான இடம் பால்வாடி.

1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்தில் நுழைந்தவர்கள் நூற்றுக்கணக்கான போலீஸார். வீடு வீடாகப் பொருட்கள் நொறுக்கப்பட்டன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று இடங்களில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, அவர் படித்த பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. ஓரிடத்தில் பூட்ஸ் சத்தம், ஓரிடத்தில் நெருப்பு, ஓரிடத்தில் வாசலுக்கே வந்த அரிவாள். பிள்ளைகளின் பயமும் அதற்கேற்ப மாறும். தீ வைப்பு நடந்த ஊரில் விறகடுப்புப் புகையும் சாம்பிராணியும் போதும், பிள்ளை வீறிட்டு அழும். இரவில் வீட்டுச் சோதனை நடந்த ஊரில் கதவு தட்டும் சத்தம் ஆகாது. பைக்கில் வந்து வெட்டிய ஊரில் ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதனால் எந்த உதவியைத் தொடங்கும் முன்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: பிள்ளை அன்று என்ன கேட்டது, என்ன வாசனை வந்தது, அப்போது யார் அதைத் தூக்கி வைத்திருந்தார்கள்? இதை அம்மாவிடமோ ஆச்சியிடமோ தனியாகக் கேளுங்கள். பிள்ளையிடம் கேட்கக் கூடாது.

'எங்க பிள்ள எதையும் பாக்கல, உள்ள தூங்குச்சு' என்று பல வீடுகளில் சொல்வார்கள். பார்க்காவிட்டாலும் பாதிக்கும். அமெரிக்காவின் சிகாகோவில் பாட்ரிக் ஷார்க்கி என்ற சமூகவியலாளர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. குடியிருக்கும் தெருப்பகுதியில் கொலை நடந்து ஒரு வாரத்துக்குள் சோதிக்கப்பட்ட கறுப்பினக் குழந்தைகள் சொல்வளத்திலும் வாசிப்பிலும் கணிசமாகக் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். கொலையை நேரில் பார்த்தவர்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வு அல்ல அது. 2012-ல் அவர் குழு பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், பக்கத்தில் கொலை நடந்த சில நாட்களில், அவர்களின் கவனமும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனும் குறைந்திருந்தன; கூடவே பெற்றோரின் மன உளைச்சல் கூடியிருந்தது. வளர்ப்பவரின் உடம்பு வழியாகவே பயம் பிள்ளைக்குள் இறங்குகிறது. அப்படியானால் அம்மாவைக் கவனிப்பதும் பிள்ளைக்கான சிகிச்சைதான்.

பிள்ளை பயந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றரை வயதுக்குள் இருந்தால் பால் குடிப்பது குறையும், இடுப்பை விட்டு இறங்காது, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும். இரண்டிலிருந்து நான்கு வயது வரை, கற்றது கழன்றுபோகும்: ஒன்றுக்கு வந்தால் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை உடையிலேயே போகும், முழு வாக்கியம் பேசியது மழலைக்குத் திரும்பும், சில பிள்ளைகள் பேச்சையே நிறுத்திவிடும். நான்கு, ஐந்து வயதில் வயிற்றுவலி என்று சொல்வார்கள், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் நினைப்பு ஒன்று உண்டு: 'நான் சேட்டை பண்ணதாலதான் இப்படி ஆச்சு.' இந்த வயதில் உலகமே தன்னைச் சுற்றி நடப்பதாகத்தான் பிள்ளை நினைக்கும். கேட்காவிட்டாலும் பெரியவர்களே சொல்லிவிட வேண்டும்: 'இது உன்னால நடக்கல.'

அடங்கிப்போன பிள்ளை கண்ணில் படாது. அழுகிற, அடிக்கிற பிள்ளையைத்தான் எல்லோரும் தூக்குவார்கள். மூலையில் உட்கார்ந்து சொன்னதைச் செய்துகொண்டிருக்கும் பிள்ளையை 'சமத்து' என்று விட்டுவிடுவார்கள். முதல் வாரம் அந்தப் பிள்ளையைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

இனி பால்வாடி. மோதல் நடந்த இரண்டாவது அல்லது மூன்றாவது நாளுக்குள் திறப்பதுதான் இலக்கு. முதலில் கட்டடம். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸாரைப் பள்ளியிலும் பால்வாடியிலும் தங்கவைப்பது வழக்கமாக இருக்கிறது. அன்றே தாசில்தாரிடமோ காவல் ஆய்வாளரிடமோ பேசி, சமுதாயக் கூடத்துக்கோ கூட்டுறவுச் சங்கக் கட்டடத்துக்கோ அவர்களை மாற்றச் சொல்ல வேண்டும். லத்தியும் கேடயமும் சாத்தி வைத்த அறையில் பிள்ளை உட்காராது. அடுத்து, இரண்டு பெரியவர்கள் சுற்றி வந்து கண்ணாடிச் சில்லு, கல், பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். ரத்தக்கறை, கரி படிந்த சுவர் இருந்தால் கழுவிச் சுண்ணாம்பு அடித்த பிறகே திறக்கலாம். மையம் எதிர்த்தரப்புத் தெருவில் இருந்தாலோ, டீச்சரோ ஆயாவோ மற்ற தரப்பைச் சேர்ந்தவராக இருந்து வரப் பயந்தாலோ, குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பக்கத்து மையத்திலிருந்து தற்காலிகமாக ஒருவரைப் போடச் சொல்லலாம். கோயில் மண்டபமோ சர்ச் வராந்தாவோ, ஓரிடம் இரண்டு வாரத்துக்குப் போதும். ஆனால் 'தற்காலிகம்' என்பதற்கு ஒரு தேதி வேண்டும். தேதி வைக்காவிட்டால் ஊருக்கொன்று காலனிக்கொன்று என்று அது நிரந்தரமாகிவிடும்.

முதல் வாரம் முழு நாள் நடத்த முயற்சிக்காதீர்கள். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை போதும். இருபது பிள்ளைகளுக்கு டீச்சர், ஆயா தவிர ஊர் அறிந்த பெண் ஒருவர் கூடுதலாக இருந்தால், ஒரு பிள்ளை அழும்போது தூக்கி வெளியே கொண்டுபோக ஆள் இருக்கும். முதல் இரண்டு நாள் அம்மாக்கள் உள்ளேயே உட்காரட்டும். மூன்றாம் நாள் வராந்தா. அதன் பிறகு 'முட்டை சாப்பிட்டதும் வந்துடுவேன்' என்று பிள்ளைக்குப் புரிகிற நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வர வேண்டும். பிள்ளை விளையாட்டில் இருக்கும்போது சொல்லாமல் நழுவிப் போவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. ஒருமுறை அப்படிப் போனால் அடுத்த பத்து நாள் பிள்ளை சேலையை விடாது.

ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் நடக்கட்டும்: வந்ததும் கை கால் கழுவுதல், வட்டமாக உட்கார்ந்து பாட்டு, மண் விளையாட்டு, கதை, சாப்பாடு, படுக்கை. அடுத்து என்ன வரும் என்று தெரிவதே பயந்த பிள்ளைக்கு மருந்து. பொருட்களில் களிமண், ஈர மணல், துணிப் பொம்மை, கலர் சாக்பீஸ், தண்ணீர் ஊற்றி விளையாட இரண்டு வாளி. பொம்மை வண்டிகளில் ஆம்புலன்ஸ் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அட்டையில் 108 என்று எழுதி ஒட்டினாலும் சரி. பலூன் வேண்டாம், விசில் வேண்டாம், தகரம் தட்டும் விளையாட்டு வேண்டாம். ஒரு பலூன் வெடித்தால் காலை முழுதும் போய்விடும்.

பிள்ளைகள் 'வெட்டு விளையாட்டு' விளையாடுவார்கள். குச்சியை அரிவாளாக்கி ஒருவன் வெட்டுவான், இன்னொருவன் விழுவான். டீச்சர்கள் பதறி அதட்டுவார்கள். அதட்ட வேண்டாம். குச்சியை மட்டும் வாங்கிவிட்டுக் கவனியுங்கள். விளையாட்டு மாறிக்கொண்டே போய், விழுந்தவன் எழுந்து, சிரித்து முடிந்தால் பிள்ளை தனக்குள் இருப்பதை இறக்கி வைக்கிறது என்று அர்த்தம். அதே காட்சி அதே இடத்தில் நின்று, ஒவ்வொரு முறையும் பிள்ளையின் மூச்சு வேகமாகி, முகம் இறுகினால் அது சிக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆம்புலன்ஸை உருட்டிக் கொண்டுவாருங்கள். 'டாக்டர் வந்துட்டாரு, கட்டுப் போடுவோமா?' என்று கேளுங்கள். முடிவே இல்லாத காட்சிக்கு ஒரு முடிவு கிடைக்கும்.

நல்ல எண்ணத்தோடு வரும் தன்னார்வலர்கள் பிள்ளைகளை உட்காரவைத்து 'அன்னைக்குப் பாத்தத வரைங்க' என்பார்கள். இதைத் தடுத்துவிடுங்கள். நடந்ததை ஒரே அமர்வில் கிளறிச் சொல்லவைப்பது உதவாது என்பதால் உலக சுகாதார நிறுவனமே அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. தாளும் கலரும் கொடுங்கள், எதை வேண்டுமானாலும் வரையட்டும். வீடு எரிவதை வரைந்தால் 'இதப் பத்திச் சொல்றியா?' என்று ஒருமுறை கேட்டால் போதும். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வீட்டில் என்ன சொல்வது என்பதில்தான் பெரியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். இறந்தவரைப் பற்றி 'மாமா தூங்குறாங்க' என்றால் பிள்ளைக்குத் தூக்கமே பயமாகிவிடும். 'ஊருக்குப் போயிருக்காங்க' என்றால் பஸ் நிற்கும் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடும். 'சாமிகிட்ட போயிட்டாங்க, சாமிக்குப் பிடிச்சிருந்துச்சு' என்றால் சாமிக்கு அடுத்து யாரைப் பிடிக்குமோ என்று பயப்படும். சொல்ல வேண்டியது ஐந்தாறு சின்ன வாக்கியங்கள்தான்: 'பெரியவங்க சண்ட போட்டாங்க. மாமாவுக்குப் பெரிய காயம். டாக்டரால சரிபண்ண முடியல. மாமா செத்துட்டாங்க, திரும்ப வரமாட்டாங்க. இப்ப மாமாவுக்கு வலிக்காது. நான் உன்கூடதான் இருக்கேன்.' பிள்ளை இதைக் கேட்டுவிட்டு விளையாடப் போகலாம். மறுநாள் 'மாமா எப்ப வருவாங்க?' என்றும் கேட்கலாம். அதே வார்த்தைகளில், அதே நிதானத்தோடு மறுபடி சொல்ல வேண்டும்.

இரவு தனி விஷயம். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கண்ணைத் திறந்தபடி அலறி, அம்மாவையே அடையாளம் தெரியாமல் தள்ளினால் அது தூக்கத்தில் வரும் திகில். உலுக்கி எழுப்பக் கூடாது, முகத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது. விழுந்துவிடாமல் பக்கத்தில் இருந்தால் சில நிமிடங்களில் அடங்கித் தூங்கிவிடும். காலையில் பிள்ளைக்கு நினைவும் இருக்காது. விடியற்காலையில் விழித்து அழுதுகொண்டு அம்மாவைத் தேடினால் அது கெட்ட கனவு. அதற்குத் தூக்கி அணைக்க வேண்டும், விளக்கைப் போட்டு வீட்டைக் காட்ட வேண்டும். படுக்கையை நனைத்தால் அடி, கேலி, பாயை ஊர் பார்க்க வாசலில் காயப்போடுவது எதுவும் ஆகாது. ஒவ்வொன்றும் சரியாகும் நாளைத் தள்ளிப்போடத்தான் செய்யும். படுக்கும் முன் ஒருமுறை, பெரியவர்கள் படுக்கும்போது ஒருமுறை சிறுநீர் கழிக்கவைத்து, நனையாத நாளில் காலண்டரில் ஒரு பூ வரையச் சொல்லுங்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை. தூங்கட்டும் என்று இருமல் மருந்து, பெரியவர்களின் தூக்க மாத்திரையில் கால்வாசி என்று கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. கொடுக்கவே கூடாது. அதிர்ச்சிக்கு அடுத்த நாட்களில் தூக்கம் வராத குழந்தைகளுக்கு டயஸெபாம் வகை மருந்துகள் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும்.

மந்திரிப்பது, திருநீறு போடுவது, பள்ளிவாசலில் ஓதி ஊதுவது இவற்றையெல்லாம் எதிர்த்துப் பேசி நேரத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. அம்மா மடியில் உட்கார்ந்து, ஒரு பெரியவர் மெல்ல முணுமுணுத்து, நெற்றியைத் தொட்டு, 'பயப்படாத' என்று சொல்வதில் பிள்ளைக்கு ஆறுதல் இருக்கிறது. சூடு வைப்பது, மிளகாய்ப் புகை காட்டுவது, வேப்பிலையால் ஓங்கி அடிப்பது என்றால் தடுத்தே ஆக வேண்டும்.

கைதுக்குப் பயந்து ஆண்கள் ஊரைவிட்டுப் போய்விட்ட தெருவில், முழுச் சுமையும் அம்மாக்கள் மேல். மூன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரே வீட்டில் படுப்பதும், ஒருவர் விழித்திருக்க மற்ற இருவர் நாலு மணி நேரமாவது தொடர்ந்து தூங்குவதும் நடைமுறையில் உதவும். அதிர்ச்சியில் பால் வற்றிவிட்டது என்று புட்டிப்பாலுக்கு மாறாதீர்கள். மனக்கலக்கம் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தும், சுரப்பை நிறுத்தாது. தாய்க்குத் தண்ணீர், சூடான சோறு, தனியாக உட்கார ஓரிடம் கொடுத்து, பிள்ளையை அடிக்கடி மார்பில் போட்டால் திரும்ப இறங்கும். நிவாரணத்தோடு வரும் பால் பவுடர் டப்பாக்களை எல்லோருக்கும் பங்கிட வேண்டாம். தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத குழந்தைக்கு மட்டும், செவிலியர் சொல்லும் அளவில்.

நிவாரணம் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்கு பதிவானால், விதி 12(4)-ன்படி உடனடி நிவாரணம் ஏழு நாளுக்குள் வர வேண்டும். கொலை போன்ற கொடிய வழக்குகளில் மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரங்களும், பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை கல்விச் செலவும் கூடுதல் நிவாரணமாக உண்டு. கேட்டு வாங்குங்கள். ஆனால் 'பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்துவிடுகிறோம்' என்று யாராவது சொன்னால், ஆறு ஏழு வயதுக் குழந்தை விஷயத்தில் உடனே தலையாட்ட வேண்டாம். அப்பாவை இழந்த பிள்ளையை அம்மாவிடமிருந்தும் அக்காவிடமிருந்தும் பிரிப்பது இரண்டாவது இழப்பு. பணத்தையும் பொருளையும் வீட்டுக்கே வரவைக்கலாம்.

கேமராக்காரர்கள் பிள்ளையிடம் மைக்கை நீட்டினால் மறுக்க உரிமை உண்டு. பாதிக்கப்பட்ட அல்லது சாட்சியான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் பிரிவு 74 தடை செய்கிறது. அதே போல், உடலை வாங்க மறுத்து அரசு மருத்துவமனை வாசலில் உட்காரும்போதும், சாலை மறியலிலும் சின்னப் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ள வேண்டாம். போராடுவது ஊரின் உரிமை. அதற்குத் துணையாக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பாட்டிகளை ஊரிலேயே நிறுத்திவிட்டுப் போங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் நாலு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்கு மேலும் பேச்சு வராமல், எடை குறைந்துகொண்டே போனால் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கோ மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ போக வேண்டும். பெற்றோர் வெட்டுப்பட்டதை நேரில் பார்த்த பிள்ளை, தண்ணீர்கூடக் குடிக்காத பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை என்றால் நாலு வாரம் காத்திருக்கக் கூடாது. அம்மாவோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறு வயதுக்குக் கீழே, வளர்ப்பவரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்காரவைத்துத் தரும் சிகிச்சைக்கே நல்ல பலன். தொலைபேசியில் மனநல உதவிக்கு 14416, குழந்தைப் பாதுகாப்புக்கு 1098.

அடுத்த மோதலைக் குறைப்பதும் இதே வேலையின் பகுதிதான். பழிக்குப் பழி சங்கிலியை அறுக்க, சிகாகோவில் 2000-ல் தொடங்கிய ஒரு திட்டம் அந்தந்தத் தெருவில் பேச்சுக்கு மதிப்புள்ள ஆட்களையே சம்பளத்துக்கு வைத்து, ஆத்திரத்தில் இருக்கும் இளைஞர்களிடம் பேசவைத்தது. இங்கே அந்தப் பேச்சு நடக்க வேண்டிய இடங்கள் மருத்துவமனை வாசல், பதினாறாம் நாள் வீடு, கோயில் கொடைக்கு முந்தைய வாரம். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை, ஊர்க் கொடை என எல்லாத் தேதியும் காலண்டரில் முன்பே இருக்கின்றன. போலீஸ் திட்டமிடுவதுபோல பால்வாடியும் திட்டமிடலாம்: அந்த வாரம் பிள்ளைகள் எந்த வழியாக வருவார்கள், யார் கூட்டிவருவார்கள், பேசவேண்டிய இருதரப்புப் பெரியவர் யார். வெட்டும் வீடியோக்களை வீட்டுக் கைபேசியிலிருந்து அழிப்பது இன்றே செய்யக்கூடியது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வீடியோவில் நடப்பது, ஒவ்வொரு முறையும் புதிதாக நடப்பதுதான்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிறு கைக்கு ஏறுவதற்குப் பத்து வருடம் முன்பே பாடம் தொடங்கிவிடுகிறது: 'அந்த வீட்டுல தண்ணி குடிக்காத', 'அந்தப் பிள்ளகூட உக்காராத'. சமைப்பவர் இன்ன சாதி என்று பிள்ளையை அனுப்பாத வீடுகளும், வீட்டிலிருந்து தனித்தட்டு கொடுத்தனுப்பும் வீடுகளும் இன்றும் உண்டு. சேர்க்கும் முதல் நாளே டீச்சர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே பாய். வரிசையில் உட்காரவைத்தால் தெருவாரியாகச் சேர்ந்துகொள்வார்கள். வட்டமாக உட்காரவைத்து, இடத்தைத் தினமும் மாற்றுங்கள். முதலில் ஒரு விதிவிலக்கு கொடுத்துவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது.

கடைசியாக முதல் தீபாவளி. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கும்போது ஒரு சரவெடியில் பிள்ளை பழைய நிலைக்குப் போய்விடும். ஒரு வாரம் முன்பே பகலில் ஒற்றை வெடிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்கவைத்து, 'இது பட்டாசு, சண்ட இல்ல' என்று சொல்லிப் பழக்குங்கள். அன்றிரவு அம்மாவோ அப்பாவோ வீட்டுக்குள் பிள்ளையோடு இருக்கட்டும். முடிந்தால் சத்தம் குறைந்த ஊரில் ஆச்சி வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். மோதல் நடந்த தேதி ஒரு வருடம் கழித்து வரும்போது தெருவில் பேனரும் ஒலிபெருக்கியும் வரும். அன்று பால்வாடியை மூடாதீர்கள். அதே பாட்டு, அதே நேரத்துக்குச் சாப்பாடு.